வார்த்தை வந்து சேர்ந்தது

குன்னூர் பேரவைத் தெருவில் இருக்கும் ஆறுச்சாமியின் கடைக்கு இசக்கி வரத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இருந்தும் அவளுக்கு ஒரு டீ விற்பதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

"டீங்களா அம்மணி?" என்று கேட்பார். அவள் உடனே வாய் திறக்க மாட்டாள். அவர் முகத்தைப் பார்த்தபடி மரியாதையாக நிற்பாள். காதில் விழவில்லையோ என்று அவர் மறுபடி வாயெடுக்கும் நேரத்தில் கடகடவென்று கொட்டுவாள்.

"டீதான் அண்ணாச்சி. சக்கரை பாதி. ஆத்தாதிய, சூடு அப்படியே இருக்கட்டும். வடை வேணுமான்னு கேப்பிய, வேண்டாம், இட்லி சாப்பிட்டாச்சு. மழை வந்தா உள்ள உக்காந்துக்கிடுதேன், வராட்டா வெளி பெஞ்சே போதும். தூக்கம் எப்படின்னு கேப்பிய, நல்லாத்தான் வந்துச்சு. நீங்க சொகமா இருக்கியளா?"

"ஏனுங்க அம்மணி, நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே!"

"கேப்பியல்லா?"

அவர் பாதிச் சர்க்கரையைப் போட்டு, ஆற்றாமல் நீட்டுவார்.

பைத்தியக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். இசக்கியின் ஊர்ப் பேச்சே அப்படி. ஊர் வியாழத்துறை, வியாழன் கோளைச் சுற்றும் கலிஸ்டோ என்ற நிலவில், பனிக்கட்டியைக் குடைந்து கட்டிய ஊர். அங்கிருந்து ஒரு சொல் ஒளியஞ்சலில் கிளம்பினால் பூமிக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். பதில் திரும்பிப் போக இன்னொரு முக்கால் மணி. இந்த லட்சணத்தில் "சாப்பிட்டியா?" "ஆச்சு" "என்ன சாப்பிட்ட?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தால் ஒரு குழம்பின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் எதையும் மூட்டை கட்டித்தான் பேசுவார்கள். கேட்டதற்குப் பதில், கேட்கப்போவதற்குப் பதில், கேட்காமல் மனசுக்குள் வைத்திருப்பதற்கும் பதில் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவார்கள். அடுத்தவர் மூட்டை வந்ததும் முழுதாகக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் சற்று நேரம் சும்மா இருப்பார்கள். பிறகு, "வார்த்தை வந்து சேந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் தங்கள் மூட்டையை அவிழ்ப்பார்கள். பேச்சு முடிந்த கையோடு பதில் சொல்வது அந்த ஊரில் அடுத்தவர் எச்சில் இலையை எடுப்பதற்குள் அதன் முன் உட்கார்ந்து சாப்பிடுவதைப் போன்ற அசிங்கம்.

அன்றும் இசக்கி வெளி பெஞ்சில் உட்கார்ந்து செவிக்குமிழைக் காதில் பொருத்திக்கொண்டாள். பூமியின் கனத்தைத் தாங்க அவள் போட்டிருந்த தாங்குசட்டை, முழங்காலில் கிரீச்சென்று ஓசையிட்டு மடங்கியது. காலை டீயோடு கணவன் மாசானத்தின் மூட்டையைக் கேட்பது அவள் வழக்கம்.

"வார்த்தை வந்து சேந்துச்சு, இசக்கி. நான் நல்லா இருக்கேன். எட்டாங் கெணத்துக் கீறலைக் கேப்ப. முந்தாநாளைக்கு இப்பம் ஒரு சாண் கூடியிருக்கு. மூடணும்னு பூமிக்கு எழுதிப் போட்டாச்சு, பதில் வரல. பொறவு ஏன் எறங்குதியன்னு கேப்ப. எறங்காட்டா அனுமதியில்லாத வேலைநிறுத்தம்னு காத்துப்படியக் கொறைப்பாவ. தெரிஞ்சுக்கிட்டே கேக்காத. நீ எப்பம் வருவன்னு நான் கேக்கல. கேக்கலன்னாலும் பதில் சொல்லிரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வியாழத்துறையின் கதை முழுவதும் அந்தப் பனிக்கிணறுகளில்தான் இருக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துக் கடலோர ஊர்களைக் கடல் விழுங்கியபோது, பனி வெட்ட ஆள் வேண்டும் என்ற அழைப்பை நம்பிக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கோள்களுக்கு இடையே ஓடும் கப்பல் எதுவானாலும் அவர்கள் வெட்டிய பனியைத்தான் உருக்கிக் குடித்தது, அதைத்தான் பிரித்து எரித்தது. அவ்வளவு செய்தும் வியாழத்துறை மாநிலம் இல்லை, வெறும் ஆட்சிப்பகுதி. அதை ஆண்டது பூமியிலிருந்த ஒரு அலுவலகம். கிணற்றை மூட வேண்டுமா, அலுவலகத்தைக் கேள். அபாயச் சங்கு ஊத வேண்டுமா, அதையும் கேள். சங்கைப் பூட்டிய பூட்டின் சாவியே பூமியில் இருந்தது.

ஆறாம் கிணறு சரிந்த அன்று, விரிசலைப் பார்த்தவுடன் கேட்டார்கள். கேள்வி ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் இங்கே அலுவலக நேரம் முடிந்திருந்தது. மறுநாள் அதிகாரி வந்து, இருக்கையில் அமர்ந்து, "மூடலாம்" என்று அனுமதி தந்தபோது மூடுவதற்கு அங்கே கிணறே இல்லை. இசக்கியின் தம்பி சுடலைமுத்து இன்னமும் அந்தப் பனிக்குள்தான் இருக்கிறான். அனுமதிக் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

அதன் பிறகுதான் கெஞ்சுவதை விட்டுவிட்டு மாநிலம் கேட்கத் தொடங்கினார்கள். பனி ஏற்றுவதை நிறுத்தினார்கள். மூச்சுக்கு அளந்து தரும் காற்றுப்படியை அலுவலகம் குறைத்தபோது ஆளுக்குப் பாதி மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அசையவில்லை. ஆட்சி மன்றம் ஒன்றைத் தாங்களே அமைத்து, சங்கரவடிவு என்ற பனி வெட்டுக்காரியைத் தலைவியாக்கினார்கள். பொறுத்தார் பூமி ஆள்வாராம். வியாழத்துறையை ஆள எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று பழமொழி கட்டியவர்கள் சொல்லிவைக்கவில்லை. கடைசியில் குன்னூரில் கூடும் கூட்டமைப்புப் பேரவை இறங்கி வந்தது. மாநிலக் கோரிக்கையை விசாரிக்கிறோம், ஒருவரை அனுப்புங்கள் என்றது. ஒன்றரை வருஷம் கப்பலில் கிடந்து இசக்கி வந்து சேர்ந்தாள்.

எல்லாம் கூடிவந்தது, ஒரு விதி மட்டும் குறுக்கே படுத்துக்கொண்டது. உடனிசைவு விதி என்று பெயர். மாநிலத் தீர்மானம் நிறைவேறியதும் பேரவையின் மணி அடிக்கும். அது ஓய்வதற்குள் அந்தப் பகுதி மக்கள் தங்கள் மன்றத்தின் வாயால் "சம்மதம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தீர்மானம் செத்தது, மறுபடி எடுக்க அடுத்த பேரவை கூட வேண்டும், அதாவது ஐந்து வருஷம். நிலா மாநிலத்துக்கு இந்த விதி ஒரு பொருட்டே இல்லை. அங்கே போய்வர மூன்று நொடிகூட ஆகாது. வியாழத்துறையின் பதில் வந்து சேர்வதற்குள்ளோ மணி ஓய்ந்து, உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் விடுவார்கள்.

அன்று விசாரணைக் குழுவின் கடைசி அமர்வு. தலைமை வகித்தவர் பேரவைத் தலைவர் தேவசகாயம். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வணக்கம் சொல்பவர்.

"இந்த விதிக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம், அம்மா," என்றார். "உங்களை வியாழத்துறையின் நிலைப்பேராளராக ஆக்கிவிடுகிறோம். நீங்கள் இங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாம். நாளை பேரவையில் இசைவு தருவதும், இனிமேல் வாக்களிப்பதும், உங்கள் ஊருக்கான உத்தரவுகளில் கையெழுத்துப் போடுவதும் எல்லாம் நீங்களே. தாமதம் என்ற பிரச்சினையே இல்லை. சம்மதமா?"

பூமியில் உட்கார்ந்து ஊரை ஆளும் இன்னொரு அலுவலகமாக இசக்கியை ஆக்கப் பார்க்கிறார்கள். இது கரும்பு தின்னக் கூலி இல்லை. தூண்டிலில் மாட்டிய புழு. ஆனால் பெரிய மனிதர் ஒருவர் ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லி முடித்திருக்கிறார். வார்த்தை வந்து சேரட்டும், மரியாதைக்குச் சற்றுப் பொறுத்து மறுப்போம் என்று, பழகிப்போன பழக்கத்தில், அவர் முகத்தைப் பார்த்தபடி பேசாமல் நின்றாள்.

தேவசகாயம் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி," என்றார். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். மேசையில் சுத்தியல் விழுந்தது. "நிலைப்பேராளர் ஏற்பு பதிவு செய்யப்படுகிறது. அடுத்த பொருள்."

அவள் வாய் திறந்தபோது, அடுத்த பொருளைப் பற்றி இரண்டு பேர் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆறுச்சாமி கடையின் உள் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அழுத அழுகையை, பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க ஆச்சு அம்மணி?" என்று கேட்டதற்கு அன்றைக்கு மூட்டை எதுவும் வரவில்லை. செவிக்குமிழை எடுத்து நடந்ததை நடந்தபடி ஊர்த் தலைவி சங்கரவடிவுக்குச் சொன்னாள். "அக்கா, நான் மரியாதைக்கு நின்னேன், அவுக அதைச் சம்மதம்னு எழுதிக்கிட்டாக" என்பதற்கு மேல் அவளால் கட்ட முடியவில்லை. கப்பலேறும்போது ஊரே வந்து வழியனுப்பியது. அந்த ஊரின் வாயை ஒரு நிமிஷ மரியாதையில் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே வைதுகொண்டாள்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த மாலையில் பதில் வந்தது. சங்கரவடிவின் கட்டைக் குரல்.

"வார்த்தை வந்து சேந்துச்சு, இசக்கி. மொதல்ல கண்ணத் தொடச்சுக்க. ஒன் மேல தப்பில்ல. நீ வேற எப்படி நின்னிருந்தாலும் ஒன்ன நம்ம ஊர்க்காரின்னே சொல்லியிருக்க மாட்டேன். மன்றத்துல கூடிப் பேசியாச்சு. நாளைக்கு நீ சம்மதம்னு சொல்லிட்டேன்னா நாங்க ஒன்ன வையமாட்டோம். எட்டாங் கெணத்த மூடுததுக்கு அதுவும் ஒரு வழி. முடியாதுன்னு சொன்னாலும் வையமாட்டோம். இன்னும் அஞ்சு வருசம் கத்துவோம், தொண்டை நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சொல்லாம நின்னேன்னா, நாங்க அம்புட்டுப் பேரும் மன்றத்துல உக்காந்து பேரவையக் கேட்டுக்கிட்டிருப்போம். அவுக கேட்டது இங்க வந்து சேரட்டும். பதிலை நாங்களே சொல்லுதோம். அதுவரைக்கும் அவுகளப் புடிச்சு வைக்கது ஒன் சாமர்த்தியம். ஒண்ணை மறைச்சேன்னு பொறவு சொல்லாத, நாளைக்கு எட்டாங் கெணத்துல மாசானத்தோட முறை."

அவ்வளவுதான். எந்த வழியில் போனாலும் உன்னோடு வருகிறோம் என்று ஊரே சொன்ன பிறகு, வழி தேர்ந்தெடுப்பது இன்னும் கடினமாகத்தான் இருந்தது.

மறுநாள் பேரவை நிரம்பி வழிந்தது. வியாழத்துறைக்கு மாநிலத் தகுதி வழங்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது, பெரும்பான்மையோடு நிறைவேறியது. கைதட்டல் அடங்கியதும் கூரையிலிருந்து தொங்கிய வெண்கல மணி அடிக்கத் தொடங்கியது.

"வியாழத்துறை இந்த இணைப்புக்கு இசைகிறதா?" என்று கேட்டார் தேவசகாயம். "நிலைப்பேராளர் பதில் சொல்லலாம்."

இசக்கி எழுந்தாள். தாங்குசட்டை கிரீச்சிட்டது. ஒரு சொல் போதும். சொன்னால் மாநிலம் இப்போதே கையில். சொல்லாவிட்டால் மணி ஓயும். மாசானம் ஒரு சாண் கூடிய கீறலுக்குக் கீழே இறங்குவான், நாளைக்கும், அதற்கு மறுநாளும். தம்பியின் முகம் வந்து போனது. நாக்கு நுனிவரை வந்த சொல்லை விழுங்கினாள்.

"தலைவர் அவர்களே, நேற்று நான் பேசாமல் நின்றேன். எங்கள் ஊரில் அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. உங்கள் வார்த்தையை மதித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். நிலைப்பேராளர் பதவி எனக்கு வேண்டாம்."

அவையில் சலசலப்பு. அவள் நிறுத்தவில்லை. மெதுவாகத் தொடங்கிய எழுத்துத் தமிழ் உதிர்ந்து ஊர்ப் பேச்சு வெளியே வந்தது.

"பொறவு மாநிலம் வேண்டாமான்னு கேப்பிய. வேணும். நீயே சொன்னா என்னன்னு கேப்பிய. ஆறாங் கெணறு சரிஞ்ச அன்னைக்கு இங்க ஆபீஸ் பூட்டியிருந்துச்சு. நாளைக்கு எட்டாங் கெணறு சரியும்போது நான் இங்க தூங்கிக்கிட்டிருப்பேன். ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்? கையெழுத்து அழகா இருக்கும், அம்புட்டுதான். எங்க கெணத்த எங்க கண்ணால பாத்து நாங்க மூடணும். அதுக்குப் பேருதான் மாநிலம். நீங்க கேட்ட கேள்வி இப்பம் ஒளியில ஏறிப் போய்க்கிட்டிருக்கு. எங்க ஊர் பதில் சொல்லும். அதுவரைக்கும் நான் பேசாமத்தான் நிப்பேன். எழுதிக்கிடுங்க, இந்த மௌனம் சம்மதம் இல்ல."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவை கொந்தளித்தது. ஒரு உறுப்பினர் எழுந்து கையை வீசினார். "மணி மூன்று நிமிடத்துக்கு மேல் ஒருபோதும் அடித்ததில்லை! ஒன்றரை மணி நேரம் நாங்கள் என்ன பஜனையா பாடுவது? விதி என்ன ஆவது?"

தேவசகாயம் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். நேற்றைய சிரிப்பு அவர் முகத்தில் இல்லை. ஒரு மனிதர் வெட்கப்படுவது அவ்வளவு தூரத்திலிருந்தும் இசக்கிக்குத் தெரிந்தது.

"மணி ஓய்வதற்குள் இசைவு வர வேண்டும் என்றுதான் இருக்கிறது," என்றார். "எப்போது ஓய வேண்டும் என்று இல்லை. மூன்று நிமிடம் நம் பழக்கம், அவ்வளவுதான்."

"இதுவரை இப்படி நடந்ததே இல்லையே!"

"இதுவரை யாரும் இவ்வளவு தூரத்திலிருந்து வந்ததும் இல்லையே," என்றார் தேவசகாயம். "மணியை நிறுத்தாதீர்கள். அடித்துக்கொண்டே இருக்கட்டும்."

முதலில் முணுமுணுத்தார்கள். பக்கத்து இருக்கையோடு அரட்டை அடித்தார்கள். சிலர் எழுந்து வாசல்வரை போனார்கள். மணி அடிக்கும்போது வெளியேறினால் உறுப்பினர் வாக்கு செல்லாது என்று நினைவு வந்து திரும்பி உட்கார்ந்தார்கள். பேசப் பேசப் பேச்சு தீர்ந்தது. அந்தப் பேரவை கட்டிய நாளிலிருந்து ஒருவர் பேச்சை ஒருவர் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது அத்தனை பேரும் ஒரே திசையில் காதை வைத்துக்கொண்டு, மணியோசைக்கு நடுவே, வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

உறுப்பினர்களுக்கு டீ கொண்டுவந்த ஆறுச்சாமி இசக்கி முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரை நீட்டினார். கிசுகிசுத்தார். "சக்கரை பாதிங்க. ஆத்தலீங்க. வடை வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு கொண்டுவரலீங்க. காலு வலிக்குதான்னு கேக்க மாட்டேன், வலிக்கும். உக்காருங்கன்னா உக்கார மாட்டீங்க. காசு அப்புறம் பாத்துக்கலாமுங்க."

அத்தனை நேரம் கல்லாக நின்றவள் அப்போதுதான் கண் கலங்கினாள். அவருடைய மூட்டைக்குள் அவள் கேட்க நினைத்த எல்லாம் இருந்தன.

டீ ஆறிப்போன பிறகும் வெகுநேரம் ஆனது. பேரவையின் ஒலிபெருக்கி கரகரத்தது. சிலர் துள்ளி எழுந்தார்கள்.

"வார்த்தை வந்து சேந்துச்சு," என்றது சங்கரவடிவின் குரல். "வியாழத்துறை மக்கள் மன்றம் பேசுது. கெணத்துல எறங்கினவுக தவிர எல்லாரும் உக்காந்திருக்கோம், கைக்குழந்தை உள்பட. நீங்க கேட்டதுக்குப் பதில்: சம்மதம்."

அவளுக்குப் பின்னால் ஒரு ஊரே ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. அதையடுத்து இரும்பு உடைபடும் ஓசை கேட்டது. பேரவை கைதட்ட எழுந்தது. தேவசகாயம் கையை உயர்த்தி அடக்கினார். மூட்டை இன்னும் முடியவில்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

"இனிமே நீங்க கேக்கப்போறதுக்கும் சொல்லிருதோம். இந்த மாநிலத்தோட மொத வேலை என்னன்னு கேப்பிய. பூமியில சாவிய வச்சுக்கிட்டு நீங்க பூட்டியிருந்த சங்கு இப்பம் எங்க கையில இருக்கு. பூட்டை உடைச்சுட்டோம். சம்மதம்னு சொல்லி முடிச்ச பொறவுதான் உடைச்சோம், அதையும் எழுதிக்கிடுங்க. கேக்கா?"

கேட்டது. கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால், எட்டாம் கிணற்றின் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. குன்னூரின் வெண்கல மணியோடு கலந்து அது அவை முழுக்க நிறைந்தது. வெகுநேரம் சங்கு ஊதிய பிறகு யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து ஒலிவாங்கியைப் பிடுங்குவது கேட்டது.

"இசக்கி, நான் மேல வந்துட்டேன். என் முறை ஆளுக எல்லாரும் வந்துட்டாவ." மாசானத்தின் குரல். "எப்பம் வருவன்னு இன்னைக்குக் கேக்குதேன்."

சங்கரவடிவு அவனை விலக்குவது கேட்டது.

"எட்டாங் கெணத்த மூடுதோம், அய்யாமாரே. இது அனுமதி கேக்குத சேதி இல்ல. தகவல் சொல்லுதோம்."

ஒலிபெருக்கி நின்றது. மணி நின்றது. நேற்று அடுத்த பொருளுக்குத் தாவியவர்களில் ஒருவரும் இன்று வாய் திறக்கவில்லை. இசக்கி தலை நிமிர்ந்து நின்றாள்.  தேவசகாயம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு ஒலிவாங்கியின் அருகே குனிந்தார்.

"வியாழத்துறை மாநிலமே," என்றார், "உங்கள் வார்த்தை வந்து சேர்ந்தது."